முதலில் பதிவேடு, பிறகு மேடை: இராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளில் ஊர் அடையாளத்துக்கு இடம் தருவது எப்படி

கடற்கரைப் பள்ளிகளின் ஆண்டு விழாவில் ஒரு காட்சி தவறாது. நாலு பையன்களுக்குக் கைலியை மடித்துக் கட்டி, ஆளுக்கொரு துடுப்பைக் கொடுத்து, பின்னால் நீலத் துணியை அலையாட்டி, 'ஐலசா' பாட விடுவார்கள். கைதட்டலும் கிடைக்கும். அந்த நாலு பேரில் ஒருவனுடைய சாதிப் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் பிழையாக இருக்கும். இன்னொருவன், குடும்பத்தோடு வேறு கரைக்குப் போய் இரண்டு மாதம் வராததால் இடைநின்றோர் பட்டியலில் இருப்பான். மூன்றாமவன் கட்டுரையில் அப்பாவை 'வாப்பா' என்று எழுதிச் சிவப்பு மை வாங்கியிருப்பான்.

இந்த வேலையில் பெரும்பாலும் கெட்டுப்போவது வரிசைதான். பண்பாட்டு விழாவை முதலில் வைத்துக்கொண்டு, பதிவேடு, நாள்காட்டி, சொல், சம்மதம் ஆகிய நாலையும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடுகிறோம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை உள்ள கரையில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டு இங்கே சொல்கிறோம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு கல்வியாண்டு போதும்.

பூர்வகுடி என்ற சொல்லை எங்கே வைப்பது

ஐக்கிய நாடுகள் அவை 2007இல் பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. ஆனால் நம் சட்டத்தில் 'பூர்வகுடி' என்று ஒரு வகை இல்லை. அரசியலமைப்பின் 342ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பட்ட பழங்குடியினர் பட்டியல்தான் உண்டு. கடலோடிச் சமூகங்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் 'இந்தக் கரையில் முதலில் குடியேறியவர்கள் நாங்கள்தான்' என்ற சொல் ஒன்றுக்கு மேற்பட்ட சமூகங்களின் வாயில் வரும். எல்லாருக்கும் ஒரு கதை, ஒரு கோயிலோ தர்காவோ ஆலயமோ, ஒரு துறையின் பெயர் சாட்சியாக இருக்கும். தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. அந்த வழக்கில் கால் வைத்தால் அடுத்த கூட்டத்துக்குப் பாதி ஊர் வராது.

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் கூட்டம் தொடங்கும்முன் 'இந்த மண் இன்ன மக்களுடையது' என்று சொல்லி வணங்கும் வழக்கம் உண்டு. பயிற்சி முகாம்களில் இதைப் பார்த்துவிட்டு இங்கேயும் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அங்கே குடியேறிய அரசு, நிலத்தை இழந்த மக்களிடம் சொல்கிற சொல் அது. பாம்பனிலோ தேவிபட்டினத்திலோ யார் பெயரைச் சொல்வீர்கள்? சொல்லாமல் விட்ட பெயர்தான் ஊரில் பேச்சாக இருக்கும். அந்த நாடுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேறு ஒன்று இருக்கிறது. சம்மதம் பற்றிச் சொல்லும்போது வருகிறோம்.

எழுதும்போது ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் தொடர்பான தாளில் அரசாணையில் உள்ள பெயர். மற்ற எல்லா இடத்திலும் அந்தக் குடும்பம் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறதோ அந்தப் பெயர். இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெடும்.

பதிவேடு

ஜூன் மாதச் சேர்க்கை முடிந்ததும் ஒரு வாரம் ஒதுக்கி, ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று தாளை ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்துப் பாருங்கள்: பிறப்புச் சான்று, ஆதார், சேர்க்கைப் பதிவேடு. பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் ஒத்துப் பாருங்கள். சமூகம் பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் இருக்காது, அதைச் சாதிச் சான்றோடு ஒத்துப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு 5 நிமிடம் பிடிக்கும். 60 குழந்தைகள் என்றால் நாளுக்கு ஒரு மணி நேரமாக ஐந்து நாள். இதைச் செய்யாத பள்ளிகளில் பிழை பத்தாம் வகுப்பில் வெளிப்படும். அப்போது அதைத் திருத்த ஆகும் அலைச்சல் மீன்பிடித் தொழிலாளிக்குப் பல நாள் கூலி.

எங்கே பிழை வருகிறது? பெரும்பாலும் சமூகப் பெயரில். வாய்வழி கேட்டு, ஊரை வைத்து ஊகித்து எழுதிவிடுகிறார்கள். 'கடற்கரைதானே, மீனவர்' என்று ஒரே சொல்லை எல்லாருக்கும் போடுவது பழக்கமாகிவிட்டது. மீனவர் என்பது இங்கே தொழிலைக் குறிக்கிற சொல். அந்தத் தொழிலுக்குள் பரவர், கடையர், வலையர், மரைக்காயர், பட்டங்கட்டியார் என்று பலர் இருக்கிறார்கள், சட்டப் பட்டியலில் அவர்கள் இருக்கும் இடமும் வேறுவேறு. கடையர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2021இல் ஏழு பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தபோது, இராமநாதபுரம் உள்ளிட்ட சில மாவட்டங்களின் கடலோரப் பகுதிக் கடையர் அந்தத் தொகுப்பில் சேரவில்லை. தனிப் பெயராகவே பட்டியலில் நிற்கிறார்கள். 'சட்டம் மாறிவிட்டது' என்று கேள்விப்பட்ட எழுத்தர் பெயரைத் தானாக மாற்றிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு பெயர் ஆகிவிடும்.

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 ஜனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு முன் வாங்கிய சான்றில் மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்றே இருக்கும். புதுச் சான்று வாங்கச் சொல்ல வேண்டும். காட்டுநாயக்கர், எளிதில் பாதிக்கப்படக்கூடியவை என்று அரசு வகைப்படுத்திய தமிழ்நாட்டின் ஆறு பழங்குடிகளில் ஒன்று. காட்டில் இல்லாத காட்டுநாயக்கர் எப்படி என்று கேட்டு விண்ணப்பத்தை நிறுத்துவது பழைய கதை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் குழந்தையின் தாய் தலையில் போடாதீர்கள். உறவினர்களுடைய பழைய சான்று, பெரியவர்களின் பள்ளிப் பதிவு, குடியிருப்பு ஆவணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கோப்பு கட்டித் தருவது களப்பணியாளரின் வேலை.

யாரிடம் போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை இ-சேவை மையம் வழியாகத் தரலாம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்றை மண்டலத் துணை வட்டாட்சியர் நிலையிலும், ஆதிதிராவிடர் சான்றை வட்டாட்சியரும், பழங்குடியினர் சான்றை வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரும் தருவார்கள். சாயல்குடி, மூக்கையூர்ப் பக்கம் கடலாடி வட்டம், அது பரமக்குடிக் கோட்டம். இராமேசுவரம் தீவு இராமநாதபுரம் கோட்டம். தப்பான அலுவலகத்தில் ஒரு நாள் காத்திருந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

தாள் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 14ஆம் பிரிவில், வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தையையும் மறுக்கக் கூடாது என்று சொல்கிறது. நடுவில் நின்றுபோன குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர 4ஆம் பிரிவு. இந்த இரண்டு எண்களையும் அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வையுங்கள்.

மண்டபம் முகாம் குழந்தைகள் தனி. அந்த முகாமுக்கு 2021 முதல் அரசு வைத்திருக்கும் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'. 'அகதி' என்ற சொல்லை வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பென்சில் எழுத்தை வகுப்புத் தலைவன் படித்துவிடுவான். குடியுரிமை, எப்போது வந்தார்கள், எப்படி வந்தார்கள் ஆகிய கேள்விகள் பெற்றோரிடம், தனியாக, தேவை இருந்தால் மட்டும். வகுப்பில் 'நீ எந்த நாடு?' என்று கேட்பது உரையாடல் ஆகாது. அந்தப் பிள்ளைகளில் பலரும் இங்கேயே பிறந்தவர்கள்.

நாள்காட்டி

வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளை எந்த மாதம் குறைகிறது என்று பாருங்கள். காற்று திரும்பும் மாதமாக இருக்கும். இங்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். தீவில் சிலர் பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடை என்ற வடகாற்றுக் காலத்தில் வடகடல் கலங்கும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கலங்கும். நாட்டுப்படகுக் குடும்பங்களில் பல, அடங்கிய கடலைத் தேடி மறு கரைக்குப் போகும். பள்ளிக்கு அது 'நீண்ட நாள் வராமை'. வீட்டுக்கு அதுதான் தொழில்.

ஆகவே ஜூலையில் ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதக் கட்டம் போடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அவர்களே நிரப்பட்டும்: எந்த மாதம் எந்தக் கடல், எந்தக் காற்று, எப்போது வேறு ஊர், எப்போது திருவிழா, எப்போது கையில் காசு இருக்காது. நீங்கள் உறுதியாக எழுதக்கூடியவை சில உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இராமேசுவரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்ற ஏற்பாடு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா மாசிப் பக்கம் வரும். ரமலான் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும். போன வருடத் தாளைப் பார்த்துப் போட்டால் தப்பாகும்.

இந்தக் கட்டத்தால் உடனே கிடைக்கும் லாபம் கூட்டத் தேதி. தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருப்பார்கள், ஆனால் மே மாதம் பள்ளி விடுமுறை. மிஞ்சுவது ஏப்ரலின் கடைசி இரண்டு வாரமும் ஜூன் முதல் இரண்டு வாரமும். தந்தையர் வர வேண்டிய கூட்டத்தை அங்கே வையுங்கள். கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு நாள் கணக்கு நிலாவில் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில் அவர்களைக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள், பிறகு 'ஆர்வமில்லாத தாய்மார்' என்று அறிக்கை எழுதுவோம். வெள்ளிக்கிழமை நண்பகலும் ஞாயிறு காலையும் ஏன் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

குடும்பம் மறு கரைக்குப் போகும் மாதங்களுக்கு இரண்டு வழி. அந்தக் கரையில் உள்ள பள்ளியின் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, குழந்தையைப் பெயர் நீக்காமல் அங்கே உட்கார வைப்பது ஒன்று. சட்டப்படி மாற்றுச் சான்று கேட்டால் உடனே தருவது மற்றொன்று. 5ஆம் பிரிவு தாமதத்தை அனுமதிப்பதில்லை. முதல் வழிதான் நல்லது. மாற்றுச் சான்று வாங்கிப் போன பிள்ளை திரும்பி வரும்போது இரண்டு பள்ளியிலும் இல்லாமல் போவது நடக்கிறது.

வீட்டுச் சொல்

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாப்பா, உம்மா (அம்மா), காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா). மண்டபம் முகாமில் அம்மம்மா, அப்பப்பா. பேசுவது அங்கே 'கதைப்பது'. முகவை என்ற இராமநாதபுரப் பேச்சில் அங்கிட்டு, இங்கிட்டு. நரிக்குறவர் வீட்டில் வாக்ரிபோலி; தமிழ் அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் மொழி என்பதை ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் மறந்துவிட்டால், 'மந்தமான பிள்ளை' என்ற முத்திரை மூன்றே மாதத்தில் விழுந்துவிடும். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982இல் தங்கள் மொழிக்கென்று மழலையர் கூடங்களைத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்: பள்ளியில் தாய்ப்பேச்சு கூச்சமாக மாறிய மறு தலைமுறையில் வீட்டிலும் அது நின்றுபோனது.

ஒன்று, இரண்டாம் வகுப்பில் உறவுப் பெயரைத் திருத்தவே வேண்டாம். மூன்றாம் வகுப்பு முதல் ஒரு சொல் நோட்டு: நடுவில் கோடு, இடப்பக்கம் 'வீட்டில்', வலப்பக்கம் 'புத்தகத்தில்'. வாரம் 6 சொல் போதும். 20 போட்டால் நாலாவது வாரம் நின்றுவிடும். இடப்பக்கத்தை முதலில் எழுத வைக்க வேண்டும். ஆவுளியா, பிறகு கடற்பசு. சிவப்பு மை இரண்டு பக்கத்திலும் எழுத்துப் பிழைக்கு மட்டும். தேர்வில் எந்தப் பக்கத்துச் சொல் எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று ஆசிரியர்கள் கூடி முடிவு செய்து தாளில் எழுதிக் கையொப்பம் போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் தருவார், இன்னொருவர் அடிப்பார், பிள்ளை பாதுகாப்பாகப் புத்தகச் சொல்லுக்கே போய்விடும்.

நோட்டு நிறைய வேண்டுமானால் எடுக்க வேண்டிய இடங்கள்: காற்று (வாடை, கொண்டல், கச்சான், சோழகம்), படகு (வத்தை, வள்ளம், நாட்டுப்படகு), வலை (கரைவலை, களங்கட்டி வலை, நண்டு வலை), பாசி. பாசியில் பெண்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள்: மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா. பூக்கடையும் டீக்கடையும் கடலுக்குள் போய் வந்திருக்கின்றன. சொல் ஊருக்கு ஊர் மாறும். பாம்பன் பிள்ளையும் தொண்டிப் பிள்ளையும் ஒரே மீனுக்கு வேறு பெயர் சொன்னால் இரண்டையும் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். எது 'சரி' என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

இதோடு சேர்ந்ததுதான் வாடைப் பேச்சு. காற்று வாடை அல்ல. 'மீன் நாத்தம்' என்று பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடிப்பதும், ஆசிரியர் கைக்குட்டையை எடுப்பதும் ஒரே செயல்தான். மீன் ஏலக்கூடத்திலிருந்து நேராக வரும் பிள்ளைக்கு மட்டும் கை கழுவும் இடம் ஒதுக்கினால் அது தண்டனை ஆகிவிடும். வாசலில் எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே சோப்பு, வகுப்புக்குள் வருமுன் எல்லாரும். பேச்சை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும், ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லாமல்.

அலைக் கம்பு: ஒரு மாதப் பாடம்

ஊர் அறிவை வகுப்புக்குள் கொண்டுவர எளிதான பாடம் நீர் ஏற்றமும் வற்றமும். 2 மீட்டர் மூங்கிலில் 5 செண்டிமீட்டருக்கு ஒரு பட்டையாக வெள்ளையும் சிவப்பும் பூசுங்கள், மொத்தம் 40 பட்டை. எனாமல் பெயிண்ட் இரண்டு பூச்சு. மணலில் நட வேண்டாம். அலை அடியை அரித்துச் சாய்த்துவிடும், அளவு பொய்யாகும். பாலத் தூணிலோ இறங்குதுறைக் கல்லிலோ நைலான் கயிற்றால் மூன்று இடத்தில் கட்டுங்கள். நீர் மிகவும் வற்றும்போதும் கம்பின் அடி தண்ணீரில் இருக்க வேண்டும். எங்கே கட்டினால் அப்படி இருக்கும் என்பதை அளந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை, படகு கட்டுபவரைக் கேளுங்கள். பாடம் அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது.

30 நாள், தினமும் காலை ஒரே நேரத்தில், கரையில் நின்றபடி பட்டையை எண்ணிக் குறிக்க வேண்டும். ஒரு ஆசிரியர், ஊர்ப் பெரியவர் ஒருவர், நாலு பிள்ளைகள் போதும். எந்தப் பிள்ளையும் நீரில் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்த பிள்ளை உட்பட. பக்கத்தில் இரண்டு கட்டம்: நிலா எப்படி, காற்று எங்கிருந்து. ஒரு துணிக் கீற்றைக் கம்பின் உச்சியில் கட்டினால் காற்றுக்குத் தனிக் கருவி வேண்டாம்.

இரண்டு இடத்தில் குழப்பம் வரும். கடலின் ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். நீங்கள் கடிகாரத்தில் ஒரே நேரம் பார்ப்பதால் முதல் வாரம் 'கடல் இறங்குகிறது', அடுத்த வாரம் 'ஏறுகிறது' என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அதை அழிக்காதீர்கள், பதினைந்து நாள் ஆனதும் வளைவு திரும்பி வருவதை அவர்களே பார்ப்பார்கள். மற்றது காற்று. நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பலத்த வாடை இரண்டு நாள் தள்ளினால் நிலாக் கணக்கு மறைந்துபோகும். 'நிலா சொன்னபடி ஏன் இல்லை?' என்று வகுப்பு கேட்கும் நாளில்தான் பாசி எடுக்கும் ஒரு பெண்ணையோ களங்கட்டி வலைக்காரரையோ அழைக்க வேண்டும். கேள்வி பிறக்கும் முன் அழைத்தால் அவர் வந்து 'நல்லா படிங்க பிள்ளைகளா' என்று சொல்லிவிட்டுப் போவார்.

அழைப்பின்பேரில் வருபவருக்குக் கூலி உண்டு. சால்வை கூலி ஆகாது. அரை நாள் வந்தாலும் ஒரு நாள் கூலி. நூறு நாள் வேலைக்கு 2025–26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த 336 ரூபாய்க்குக் குறையக் கூடாது, கடலுக்குப் போயிருந்தால் கிடைத்திருப்பது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பணத்தை உறையில் போட்டு, வகுப்புக்கு முன்னால் அல்ல, அலுவலகத்தில் கொடுங்கள். உட்கார ஆசிரியருக்கு என்ன நாற்காலியோ அதே நாற்காலி. பேச 20 நிமிடம், பிள்ளைகள் கேட்க 20 நிமிடம். பெண்களை அழைக்கும்போது இரண்டு பேராக அழையுங்கள். தனியாக வருபவர் பேசத் தயங்குவார், இரண்டு பேர் என்றால் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டு நிறையச் சொல்வார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் இலட்சுமி மூர்த்தி, தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீக்காலஜி விருதை 2015இல் பெற்றதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். தீவில் எந்த மேடையிலும் கலாம் பெயர் வந்துவிடும், வர வேண்டியதுதான். கடலில் விரலுக்குத் துணி சுற்றிப் பாசி எடுத்தவரின் பெயரும் அதே மூச்சில் வரட்டும்.

சம்மதம், வரைபடம், ரகசியம்

நல்ல மனதோடு செய்பவர்கள்தான் இங்கே அதிகம் கெடுதல் செய்துவிடுகிறார்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. 2001 முதல் கடலட்டை பிடிப்பது குற்றம். தாத்தா காலத்தில் தொழிலாக இருந்த சில காரியங்கள் பேரன் காலத்தில் வழக்கு. இந்தச் சூழலில் 'உன் அப்பா எங்கே மீன் பிடிப்பார், வரைபடத்தில் குறி' என்று வகுப்பில் கேட்டால், பிள்ளை உண்மையாகக் குறிக்கும். அந்தத் தாள் சுவரில் ஒட்டப்படும், படம் எடுக்கப்படும், கைபேசியில் சுற்றும். யார் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வழக்கு இல்லாவிட்டாலும், மீன் கூடும் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே என்பது ஒரு குடும்பத்தின் முதலீடு. அண்ணன் தம்பிக்குள்ளேயே மறைத்து வைப்பார்கள்.

எனவே வரைபடப் பாடத்துக்கு எல்லை: கரை, துறை, கோயில், தர்கா, ஆலயம், ஏலக்கூடம், பள்ளி, நல்ல தண்ணீர்க் கிணறு. கடலுக்குள் தீவின் பெயர் மட்டும், இடக்குறி வேண்டாம். பெயரே ஒரு பாடத்துக்குப் போதும். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று பெயர் வைத்தவர் எதைத் தேடி இறங்கினார்? கரியாசல்லி, விலாங்குசல்லி என்பதில் 'சல்லி' என்ன? 21இல் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன, பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்குப் பெருங்காரணம். இதைச் சொல்லும்போது 'உங்கள் ஊர்க்காரர்கள்தான் வெட்டினார்கள்' என்ற தொனி வரக் கூடாது. வெட்டியவருக்குக் கூலி, அதில் சுண்ணாம்பும் கட்டடமும் கண்டவர் வேறு.

பதிவு செய்ய வேண்டும் என்றால் சம்மதத் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, பெரிய எழுத்தில், உரக்கப் படித்துக் காட்டிய பிறகு கையொப்பம். ஐ.நா. பிரகடனம் கேட்பது வற்புறுத்தல் இல்லாத, முன்கூட்டியே பெற்ற, விவரம் அறிந்து தந்த சம்மதம். இந்த மூன்றும் இருக்க வேண்டுமானால் கேட்ட நாளிலேயே கையொப்பம் வாங்காதீர்கள். குறைந்தது மூன்று நாள் விடுங்கள், வீட்டில் பேசட்டும். தாளில் மூன்று கட்டம்: பள்ளிக்குள் மட்டும், ஊருக்குள் மட்டும், வெளியேயும் போகலாம். எதுவும் குறிக்காவிட்டால் பள்ளிக்குள் மட்டும் என்று பொருள். பிறகு மனம் மாறினால் யாரிடம் சொன்னால் அழிப்பார்கள் என்று ஒருவர் பெயரும் இருக்க வேண்டும்.

கனடாவின் முதல் குடிகள் 1998இல் வகுத்த ஒரு நெறி இங்கே நேராகப் பொருந்தும். தரவு யாருடையது, யார் கட்டுப்பாட்டில், யார் பார்க்கலாம், யார் கையில் இருக்கிறது என்ற நான்கு கேள்வி. நம் பள்ளியில் பதிலைத் தேடினால் பெரும்பாலும் 'சாரோட போன்ல' என்று வரும். சார் மாற்றலாகிப் போனால் பாட்டியின் பாட்டும் கூடவே போய்விடும். ஆகவே இரண்டு நினைவக அட்டை: ஒன்று பள்ளி இரும்புப் பெட்டியில், ஒன்று ஊர்ப் பொறுப்பில், கைபேசியில் உள்ளது ஒரு மாதத்துக்குள் அழிப்பு.

மருந்தாகப் பயன்படும் பாசி, மீன், செடி பற்றி யாராவது சொன்னால் உடனே நோட்டை மூடிவிட்டுக் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் உயிர்ப் பன்மைச் சட்டப்படி ஊராட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உண்டு. அந்த அறிவை எழுத வேண்டிய இடம் அது. பள்ளி இதழோ முகநூலோ அல்ல. அகத்தியமலைப் பழங்குடியான காணிக்காரர்கள் சொன்ன ஆரோக்கியப்பச்சைச் செடி மருந்தாகி விற்பனைக்குப் போனபோது வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது.

உட்கார வைப்பது

கூட்டம் ஒரு சமூகத்தின் வழிபாட்டிடத்தை ஒட்டிய கட்டடத்தில் வேண்டாம். ஏலக்கூடம், வலை பின்னும் கொட்டகை, பள்ளித் திண்ணை. நாற்காலி எல்லாருக்கும் இல்லை என்றால் எல்லாரும் பாயில். மூன்று நாற்காலியைப் போட்டால் அதில் யார் உட்காருவார்கள் என்று ஊருக்கு முன்பே தெரியும். ஊர்த் தலைவர், ஜமாஅத், தேவாலயப் பங்குப் பேரவை மூன்றிடமும் ஒரே நாளில் தகவல் சொல்லுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்பது சட்டம். எண்ணிக்கை சரியாக இருக்கும்; யார் என்று பாருங்கள். பாசி எடுக்கும் வீடு, முகாம் வீடு, ஊர் ஓரத்துக் குடிசை, மூன்றிலிருந்தும் ஒருவராவது உண்டா? இருந்தும் பேசவில்லையென்றால் முந்தின நாள் இரவு வீட்டுக்குப் போய்க் கேட்டு, அவர் கேள்வியைக் கூட்டத்தின் முதல் பொருளாக எழுதுங்கள், பெயர் போடாமல். எழுதிய தீர்மானத்தை உரக்கப் படித்த பிறகே கையொப்பம். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது.

இத்தனையும் முடித்த பிறகு பிப்ரவரியில் ஆண்டு விழா வரட்டும். துடுப்பு வேண்டுமா வேண்டாமா என்று அந்த நாலு பையன்களைக் கேளுங்கள். நரிக்குறவர் பிள்ளையிடம் 'பாசிமணி போட்டு ஆடு' என்று சொல்லாதீர்கள். அவன் ஆங்கிலக் கவிதை சொல்ல ஆசைப்பட்டால் அதுதான் நிகழ்ச்சி. அலைக் கம்பின் 30 நாள் வளைவை வாசலில் பெரிதாகத் தொங்கவிடுங்கள். பார்க்க வரும் பெற்றோர் அதில் பிழை கண்டுபிடிப்பார்கள்; பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டி வையுங்கள்.